பேரறிஞர் சந்திரசேகரும் விண்மீன் ஓடைகளும்

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் பெயரைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் இலர். ஆனால் அவரைப்பற்றி நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கதைதான். பத்தொன்பது வயது வாலிபன் ஒருவன் கப்பலிற் செல்லுங்கால் ஓர் எல்லையைக் கணித்தான்; சீமையிலே பெரியவர் ஒருவர் அவனைச் சபையில் வைத்து நகைத்தார்; ஏறக்குறைய ஐம்பது வருடம் கழிந்தபின் நோபல் பரிசு வந்து சேர்ந்தது. கதை மெய்யானதே, சுவையானதுமே. எனினும் அறுபத்தைந்து வருடத்திற்கு மேல் ஓயாதுழைத்த ஒருவரின் முதற் சில வருடங்களை மாத்திரமே அது சொல்லுகின்றது. அவ்வெல்லையோடு தொடர்பில்லாத வேறொரு விடயத்தைப்பற்றி அவர் 1943ஆம் ஆண்டில் மூன்று கட்டுரைகள் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத பொருளை வானத்திலே தேடுவோர் இன்று கையிலெடுக்கும் கருவிகளுள் ஒன்று அக்கட்டுரைகளிலே பிறந்ததாகும். யாரும் அதிகம் பேசாத அந்தப் பக்கத்தையும் சேர்த்து அன்னாரின் சரிதையைக் கூற முயல்கின்றேன்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19ஆம் திகதி லாகூர் நகரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகையிரதப் பகுதியிலே கணக்குப் பரிசோதனை உத்தியோகம் வகித்தவர். அதனாலேயே தமிழ்க் குடும்பம் ஒன்று அத்துணைத் தொலைவிலே வாழ நேர்ந்தது. பிள்ளைகள் பதின்மர். அவருள் இவர் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். சேர் சி. வி. இராமன் இவருக்குச் சிறிய தகப்பனார். தாயார் சீதாலட்சுமி அம்மையாரைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போவது தகாது. அதிகம் பள்ளி செல்லாதவராயினும் ஆங்கிலம் கற்று, இப்சன் என்னும் நோர்வே நாட்டு நாடகாசிரியரின் பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழிற் பெயர்த்தவர் அவர். வீட்டிலே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. சந்திரசேகர் பன்னிரண்டு வயதுவரை பாடசாலை வாசலை மிதிக்கவில்லை. பெற்றோரும் வீட்டாசிரியருமே அவருக்குப் பாடசாலை.

குடும்பம் 1918இல் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையில் 1922 முதல் 1925 வரை கற்றபின் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். மகன் சிவில் சேவைப் பரீட்சை எழுதவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். தாயாரோ, பிள்ளை தனக்குப் பிடித்ததையே படிக்கட்டும் என்று அவன் பக்கம் நின்றார். இன்றும் நம் வீடுகளில் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் இந்த வழக்கு நடைபெறுவதை நாம் அறிவோம். தாயார் இப்படி வெல்லும் வீடுகள் சிலவே.

1928இல் சோமர்பெல்ட் என்னும் ஜேர்மன் பேராசிரியர் சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணுவியல் நூலைச் சந்திரசேகர் முன்னரே கரைத்துக் குடித்திருந்தார். தங்குமிடத்திற்கே போய் அவரைக் கண்டு தன் படிப்பைச் சொன்னபோது, அந்நூல் வெளிவந்தபின் பௌதிகம் முழுவதுமே மாறிவிட்டது என்ற செய்தியைப் பேராசிரியர் தெரிவித்தார். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இடி விழுந்தாற் போன்ற செய்தி. ஆனால் சோமர்பெல்ட் அத்தோடு விடவில்லை. இன்னும் அச்சேறாத தம் கட்டுரையின் படியொன்றையும் கொடுத்தனுப்பினார். அதைப் படித்துப் புதிய புள்ளிவிபர முறையைத் தாமே கற்றுக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை, கேம்பிறிட்ஜைச் சேர்ந்த பவுலர் என்பவர் மூலமாக 1929இல் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டிற் பிரசுரமாயிற்று. இந்திய அரசாங்கத்தின் புலமைப் பரிசிலும் கிடைத்தது.

அப்போது தாயார் நோய்வாய்ப்பட்டிருந்தார். திரும்பி வரும்போது அவரைக் காண்பது அரிது என்பது வீட்டார் எல்லோருக்கும் தெரியும். போகாதே என்று உறவினர் தடுத்தனர். போ என்று சொன்னவர் தாயார் ஒருவரே. 1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி பம்பாய்த் துறைமுகத்திலிருந்து பில்ஸ்னா என்னும் கப்பல் புறப்பட்டது. மறு வருடமே, மகன் கேம்பிறிட்ஜில் இருக்கையில், அந்த அம்மையார் காலமானார்.

அக்கப்பலிற் செய்த கணக்கைச் சுருக்கமாகக் கூறுவேன். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குள்ளன் என்னும் நிலையை அடைகின்றது. எல்லா நட்சத்திரங்களுக்கும் முடிவு இதுவே என்று அக்காலத்தவர் நம்பினர். அப்படியன்று, ஓர் எல்லைக்கு மேற்பட்ட திணிவுள்ள நட்சத்திரம் வெண்குள்ளனாக நிலைத்து நிற்கவே முடியாது என்பது அவர் கண்டது. அவ்வெல்லை நம் சூரியனின் திணிவைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படுகின்றது. 1935 ஜனவரி 11ஆம் திகதி இலண்டன் வானியற் சங்கக் கூட்டத்திலே அவர் இதனை விளக்கி அமர்ந்ததும், சேர் ஆதர் எடிங்ரன் எழுந்து அதனைப் பரிகசித்துப் பேசினார், சபை சிரித்தது. அதற்கு முந்திய மாதங்களில் அதே எடிங்ரன் அடிக்கடி இவர் அறைக்கு வந்து வேலை எவ்வளவில் நிற்கின்றது என்று விசாரித்துப் போனவர். எடிங்ரனை வில்லனாக்கி இக்கதையைச் சொல்வது வழக்கம். என் எண்ணத்தில் அவரினும் குறை கூறத்தக்கவர் வேறு சிலர். பௌதிகத்தின் பெருந்தலைகள் சிலர் சந்திரசேகர் சொன்னதே சரியென்று தனியே ஒப்புக்கொண்டார்கள். சபையிலே சொல்ல முன்வரவில்லை.

இனி என்ன செய்வது? வருடக்கணக்காக அந்த முதியவரோடு வாதாடிக்கொண்டிருக்கலாம். அல்லது மனமுடைந்து வேறு தொழில் பார்க்கலாம். சந்திரசேகர் இரண்டையும் செய்யவில்லை. தாம் கண்டதையெல்லாம் ஒழுங்குபடுத்தி நட்சத்திரங்களின் அமைப்பைப்பற்றி ஒரு பெருநூலாக எழுதி 1939இல் வெளியிட்டார், நூலை மூடினார், வேறு துறைக்குப் போய்விட்டார். பின்னர் இதுவே அவர் வாழ்நாள் வழக்கமாயிற்று. ஒரு துறையை எடுப்பது, வருடக்கணக்காக அதிலேயே மூழ்குவது, கடைசியில் அத்துறை முழுவதையும் ஒரு நூலில் அடைப்பது, பிறகு திரும்பிப் பாராமல் அடுத்ததற்குப் போவது. எடிங்ரனோடு தனிப்பட்ட நட்பையும் அவர் முறித்துக்கொள்ளவில்லை. 1982இல் எடிங்ரனின் நூற்றாண்டை ஒட்டிக் கேம்பிறிட்ஜில் நினைவுச் சொற்பொழிவு செய்தவர் இவரேதான். அதிலே அவரை அக்காலத்து வானியலாரின் முன்வரிசையில் வைத்துப் போற்றினார்.

இடையிலே வாழ்வும் மாறியிருந்தது. 1936இல் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியிற் பௌதிகம் கற்ற லலிதா துரைசாமி என்பவரை மணந்தார். 1937 ஜனவரி முதல் அமெரிக்காவிலே சிக்காகோ சர்வகலாசாலைக்குச் சொந்தமான யேர்க்கிஸ் வானாராய்ச்சி நிலையத்திற் பணி. விஸ்கொன்சின் மாகாணத்திலே ஏரிக்கரையோரம், பனி கொட்டும் சிற்றூர் அது. அவ்விடத்திலும் தோலின் நிறம் குறுக்கே வந்தது. சிக்காகோ வளாகத்திலே இவர் வகுப்பு நடத்துவதை மேலதிகாரி ஒருவர் நிறத்தைக் காரணமாக வைத்து மறித்தார். சர்வகலாசாலைத் தலைவர் ஹட்சின்ஸ் அத்தடையைத் தள்ளி இவரைப் படிப்பிக்கச் செய்தார்.

இந்தப் பனியூரிலேதான் நான் சொல்ல வந்த வேலை நடந்தது. முன்னர் அவர் தனி ஒரு நட்சத்திரத்தின் உட்புறத்தை ஆராய்ந்தார். இப்போது எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. பல நட்சத்திரங்கள் ஒன்றாய்க் கூடி அலையும்போது அவற்றுள் ஒன்றின் கதி என்ன?

நம் பால்வீதியிலே பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் உள. ஆயினும் அவை ஒன்றையொன்று முட்டிக்கொள்வதில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையிலே ஒரு மிளகை வைத்து அதனைச் சூரியன் என்று கொண்டால், மிக அண்மையிலுள்ள அடுத்த மிளகு ஏறக்குறையச் சிகிரியாவிலே கிடக்கும். இவ்வளவு தூரமிருந்தும் ஈர்ப்பு என்பது விடுவதில்லை. கடந்து செல்லும் ஒவ்வொரு நட்சத்திரமும் மற்றதைச் சிறிதே இழுத்து அதன் பாதையைக் கோணச் செய்கின்றது. இப்படி எல்லாத் திசையிலிருந்தும் வரும் சிற்றிழுப்புகளின் கூட்டுப்பயனை, வொன் நொய்மன் என்னும் கணித மேதையோடு சேர்ந்தும் தனியேயும் அவர் கணித்தார். 1942இல் இத்துறைக்கும் ஒரு நூல் வெளிவந்தது.

ஆனால் நூல் வெளிவந்த பின்பும் கணக்கிலே ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. திசை தெரியாத சிற்றிழுப்புகள் மட்டுமே இருந்தால் நட்சத்திரத்தின் வேகம் காலம் போகப்போகக் கூடிக்கொண்டே போகவேண்டும். அதற்கு முடிவே இராது. அப்படி நடப்பதில்லையே! நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாது துடிப்பதை 1827இல் பிறவுண் என்னும் தாவர நூலார் கண்டார். அத்துகளை நீரின் அணுத்திரள்கள் எல்லாப் பக்கமும் மோதித் தள்ளுகின்றன. ஆனால் அதே நீர் அதன் ஓட்டத்தைத் தடுத்து இழுக்கவும் செய்கின்றது. இரண்டும் சேர்ந்தே கணக்குச் சரியாகின்றது. நட்சத்திரக் கூட்டத்திலும் அவ்வாறே ஒரு தடை இருந்தாக வேண்டும் என்று சந்திரசேகர் உய்த்தறிந்தார். 1943இல் அத்தடையை ஈர்ப்பு விதியிலிருந்தே நேராகக் கணித்துக் காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் இயக்க உராய்வு.

அஃதென்ன என்பதை நமக்குப் பழக்கமான ஓரிடத்தில் வைத்துப் பார்ப்போம். வத்தாப்பளை அம்மன் பொங்கலன்று பலூன் விற்பவர் ஒருவர் சனக்கூட்டத்தினூடே நடக்கின்றார். அவர் கடந்து போன இடத்துப் பிள்ளைகள் திரும்பி அவர் பின்னே வருகின்றார்கள். ஆதலின் அவருக்கு முன்னே உள்ள பிள்ளைகளிலும் பின்னே உள்ளவர் தொகை மிகுதி. ஒவ்வொரு பிள்ளையும் வேட்டித் தலைப்பைப் பிடித்திழுத்தால், முன்னிழுப்பிலும் பின்னிழுப்பே வலிதாகி அவர் நடை தளரும். பாரமான பொருளொன்று நட்சத்திரங்களினூடே செல்லும்போதும் இதுவே நடக்கின்றது. அதன் ஈர்ப்பினால் கடந்த வழியிலே நட்சத்திரங்கள் சற்று நெருங்கிக் கூடுகின்றன. அந்தக் கூட்டம் அதனைப் பின்னோக்கி இழுக்கின்றது. பலூன்காரர் ஓட்டமாய்ப் போனால் பிள்ளைகள் கூட நேரமில்லை, தடை குறைவு. மூட்டை பெரிதானால் கூடும் பிள்ளைகளும் அதிகம், தடை மிகுதி. சந்திரசேகரின் சூத்திரமும் இவ்விரண்டையும் கூறுகின்றது. மிகுந்த வேகத்தில் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். திணிவு இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். சூத்திரத்திலுள்ள இன்னோர் அளவு, சுற்றியுள்ள பொருள் எவ்வளவு செறிந்து கிடக்கின்றது என்பது. இந்தக் கடைசி அளவை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் வேண்டியிருக்கும்.

அவ்வருடத்து இரண்டாம் கட்டுரையிலே இதனை ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பயன்படுத்தினார். நாம் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் கூறுவது போன்ற நட்சத்திரக் கொத்துகள் வானத்திற் பல உள. அக்கொத்துகளிலிருந்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியேறித் தப்பிப் போகின்றன. எவ்வளவு விரைவாகப் போகின்றன? தடையை விட்டுக் கணித்தால் கொத்துகள் மிக விரைவிலேயே கலைந்து போயிருக்க வேண்டும். தடையைச் சேர்த்தால் அவற்றின் ஆயுள் நீளுகின்றது. நாம் இன்றும் அவற்றைக் காண்பதற்குக் காரணம் தெரிகின்றது. கொத்தை விட்டுத் தப்பிய நட்சத்திரங்கள் பிற்பாடு எங்கே போகின்றன என்பது அக்கட்டுரையின் கேள்வியன்று. அதற்கு விடை காண்பதற்கு இன்னும் அறுபது வருடம் வரையிற் செல்லவேண்டியிருந்தது.

இத்தோடு இந்தத் துறையையும் மூடிவிட்டார். யுத்த காலமாதலின் மேரிலாந்திலுள்ள ஆயுத ஆராய்ச்சிக் கூடத்திற்கும் யேர்க்கிஸுக்குமாக அலைந்துகொண்டே, ஒளி நட்சத்திர வாயுவினூடே செல்லும் விதத்தை ஆராயத் தொடங்கினார். அடுத்த நாற்பது வருடங்களிலே பாய்பொருள்களின் உறுதி, சுழலும் கோளங்களின் உருவம், சார்பியல், கருந்துளை என்று துறை மாறி மாறிச் சென்றார். 1944இல் றோயல் சங்கத்தின் உறுப்பினர். 1953இல் அமெரிக்கப் பிரசை. 1952 முதல் 1971 வரை வானியற் பௌதிக சஞ்சிகையின் ஆசிரியர். ஒரு சர்வகலாசாலையின் சிறு வெளியீடாக இருந்ததை உலகின் முதற்றரமான சஞ்சிகையாக்க அவர் தம் வாழ்நாளிற் பத்தொன்பது வருடத்தைக் கொடுத்தார். தாம் எழுதியதை அச்சிடத் தயங்கியவர்கள் இருந்த காலத்தை மறவாத ஒருவர் ஆசிரியர் நாற்காலியில் எப்படி இருந்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. கண்டிப்பானவர், ஆனால் நீதியானவர் என்பதே அவரை அறிந்தோர் கூற்று.

மாணவர் இருவர் மட்டுமே இருந்த ஒரு வகுப்புக்காக வாரந்தோறும் யேர்க்கிஸிலிருந்து சிக்காகோவுக்கு நெடுந்தூரம் காரோட்டிச் சென்றார் என்றும், அவ்விருவரான லீ, யாங் என்னும் சீன வாலிபர்கள் 1957இல் நோபல் பரிசு பெற்றனர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. வகுப்பு முழுவதும் நோபல் பரிசு பெற்றது அது ஒன்றுதான் என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

அவருக்கு அப்பரிசு 1983இலேதான் வந்தது. நட்சத்திரங்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய ஆராய்ச்சிக்கென்று அது வழங்கப்பட்டது. தம் இளமைக்கால வேலையை மட்டும் முன்னே வைத்தார்களே என்று அவருக்கு ஒரு மனக்குறை இருந்ததாகக் கூறுவர். கப்பற் கதையையே நாமும் திரும்பத் திரும்பச் சொல்லுகின்றோம் என்பதை எண்ணும்போது அக்குறையின் நியாயம் விளங்குகின்றது. கடைசிக் காலத்தில் நியூட்டனின் பெருநூலைச் சாதாரண வாசகருக்கு விளக்கும் நூலொன்றை எழுதி முடித்தார். அது வெளிவந்த 1995ஆம் வருடம் ஓகஸ்ட் 21ஆம் திகதி சிக்காகோவில் இருதய நோயினாற் காலமானார். பிள்ளைகள் இல்லை. லலிதா அம்மையார் நூறு வயதைத் தாண்டி 2013 வரை வாழ்ந்தார்.

இனி அந்த 1943ஆம் வருடத்துக் கட்டுரைகளிடம் திரும்புவோம். அவற்றை எழுதியபோது சந்திரசேகர் நட்சத்திரங்களையே எண்ணியிருந்தார். ஆனால் வானத்திலே நட்சத்திரங்களிலும் மிகுதியாக வேறொன்று உண்டு என்ற சந்தேகம் அப்போதே எழுந்திருந்தது. 1933இல் சுவிக்கி என்பவர், கோமா என்னும் கூட்டத்திலுள்ள நட்சத்திர மண்டலங்கள் தம்முள் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுவதைக் கண்டு, காணாத பொருள் ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கவேண்டும் என்றார். எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1970இல் வேரா ரூபின் அம்மையாரும் கென்ற் போர்டும் அந்திரொமேடா மண்டலத்தின் சுழற்சியை அளந்து வெளியிட்டனர். விளிம்பிலுள்ளவை மெதுவாகச் சுழலும் என்று எதிர்பார்க்க, வெளியே போயும் வேகம் குறையவில்லை. பிற மண்டலங்களிலும் அப்படியே. இன்றைய கணக்கின்படி பிரபஞ்சத்திலுள்ள சடப்பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு ஒளி விடாத, ஒளியை மறைக்காத இருட்பொருள். அது எதனால் ஆனது என்பதை இன்றுவரை எவரும் கண்டாரில்லை.

பலூன்காரரை மறுபடியும் பார்ப்போம். திருவிழா நடுவிலே விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன என்று கொள்வோம். பிள்ளைகள் ஒருவரும் தெரியவில்லை. ஆனால் வேட்டியிலே இழுப்பு மட்டும் குறையவில்லை. அந்த இழுப்பைக் கொண்டே எத்தனை பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள் என்று அவர் கூறிவிடலாம். சந்திரசேகரின் சூத்திரம் சுற்றியுள்ள பொருளின் செறிவைக் கேட்கின்றதேயன்றி, அது ஒளிர்கின்றதா என்று கேட்பதில்லை. ஆதலால் பெரிய மண்டலமொன்றைச் சுற்றும் சிறு மண்டலம் இருட்பொருளினூடே செல்லும்போது அதன் வேகம் தடைப்படும்; வட்டம் சிறுக்கும்; கடைசியில் பெரியதற்குள் அமிழும்.

அமிழும்போது முழுமையாகப் போவதில்லை. முத்தையன்கட்டுப் பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றி வரும் வண்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையிலே ஓட்டை. வண்டில் வந்த பாதை முழுவதும் நெல்மணி கோடு போட்டாற்போலச் சிந்தியிருக்கும். சிறு மண்டலத்தின் அருகுப் பக்கத்தைப் பெரிய மண்டலம் கூடுதலாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதனால், இரு பக்கத்தாலும் நட்சத்திரங்கள் உரிந்து, சில முன்னே ஓட, சில பின்னே தங்க, பாதை நெடுகிலும் நீண்ட ஓடையாகின்றன. கொத்தைவிட்டுத் தப்பிய நட்சத்திரங்கள் எங்கே போயின என்ற கேள்விக்கும் விடை இதுவே. 2001இல் பலோமர் 5 என்னும் கோளக் கொத்தின் இரு பக்கமும் அத்தகைய வால் இருப்பது கண்டறியப்பட்டது.

சிந்திய நெல்லைப் பார்த்தே வண்டில் எங்கே திரும்பிற்று, எங்கே தளர்ந்தது என்று சொல்லிவிடலாம். அப்படியே ஓடையின் வளைவு இருட்பொருள் எங்கே எவ்வளவு கிடக்கின்றது என்பதைக் காட்டுகின்றது. சந்திரசேகர் உயிரோடிருந்த 1994ஆம் வருடத்திலே, அவர் படித்த அதே கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மூவர், தனுசு ராசித் திசையிலே நம் பால்வீதிக்குள் அமிழ்ந்து சிதைந்துகொண்டிருக்கும் ஒரு சிறு மண்டலத்தைக் கண்டனர். அதிலிருந்து சிந்திய ஓடை வானத்தையே சுற்றி வளைத்துக் கிடக்கின்றது என்பது 2003இல் வரைந்து காட்டப்பட்டது. அது எத்துணைத் தூரத்திலிருந்து எவ்வளவு காலத்தில் இவ்வளவு அண்மைக்கு வந்தது என்று கணிப்போர் யாவரும் 1943ஆம் வருடத்துச் சூத்திரத்தைத் தொடாமற் கணிக்க முடியாது.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. நெற்கோட்டைக் குறுக்கறுத்து இராக்காலத்தில் யானை ஒன்று போயிருந்தால், விடியப் பார்க்கும்போது அவ்விடத்தில் நெல் சிதறி ஓர் இடைவெளி தெரியும். யானையை நாம் காணவில்லை. ஆனால் வந்து போனது பெரியதா சிறியதா என்று வன்னியிற் பிறந்தவன் சொல்லுவான். ஜி.டி. 1 என்பது 2006இற் கண்டறியப்பட்ட மெல்லிய ஓடை. தூரம் சுமார் 30,000 ஒளியாண்டு. ஐரோப்பியரின் கையா விண்கலம் அளந்து தந்த கணக்கைக் கொண்டு 2018இல் பார்த்தபோது, அவ்வோடையிலே இடைவெளியும் பக்கத்திலே பிரிந்த ஒரு கிளையும் தெளிவாகத் தெரிந்தன. சூரியனைப்போல் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி மடங்கு வரையான திணிவுள்ள செறிந்த பொருளொன்று அதனைக் கடந்து போயிருக்கலாம் என்றும், நாமறிந்த கொத்தோ மண்டலமோ எதுவும் அக்கணக்குக்குப் பொருந்தவில்லை என்றும் 2019இல் வெளியிட்டனர். நட்சத்திரமே இல்லாத இருட்பொருட் கட்டிகள் எண்ணிறந்தன அலைகின்றன என்பது ஒரு கொள்கை. இடைவெளிகள் போதிய அளவு காணப்பட்டால் கொள்கை நிற்கும். காணப்படாவிட்டால் இருட்பொருளைப்பற்றிய எண்ணத்தையே மாற்றவேண்டி வரும்.

ஆனால் நாம் நம் மண்டலத்துக்குள்ளேயே இருந்து பார்க்கின்றோம். இங்கே வாயு மேகங்களும் நடுவிலே சுழலும் நட்சத்திரச் சட்டமும் ஓடைகளைக் கலைக்க வல்லன. யானையா மாடா என்று தெரியாமற் போகலாம். அன்றியும் ஒரு மண்டலத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே அயல் மண்டலங்களின் ஓடைகளை நாடுகின்றனர். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்திரொமேடாவின் பேரோடை 2001இற் கண்டறியப்பட்டது. அது ஒரு லட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் நீண்டு கிடக்கின்றது. என்.ஜி.சி. 5907 என்னும் மண்டலத்தைச் சுற்றி வளையமாக ஓடை இருப்பது 1998இலேயே தெரிந்தது. சிலி நாட்டு மலையுச்சியிலே வேரா ரூபின் பெயரால் எழுந்த வானாராய்ச்சி நிலையம் 2025 ஜூன் மாதத்தில் வெளியிட்ட முதற் படங்களிலே, எம் 61 என்னும் மண்டலத்தின் பக்கத்தில் அதுவரை எவரும் அறியாத ஓடை ஒன்று அகப்பட்டது.

சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா என்னும் எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி 1999 ஜூலை 23ஆம் திகதி விண்ணிற் செலுத்தப்பட்டது. ஒன்றோடொன்று மோதிய இரு மண்டலக் கூட்டங்களிலே வாயு ஓரிடத்திலும் திணிவின் பெரும்பகுதி வேறிடத்திலும் பிரிந்து நிற்பதை 2006இற் காட்டியதிலே அதற்குப் பெரும் பங்குண்டு. இருட்பொருளுக்குக் கிடைத்த வலிய சாட்சிகளுள் அது ஒன்று.

மற்றுமொரு தொலைகாட்டியையும் சொல்ல வேண்டும். யுத்தத்தின் பின் சிக்காகோ சர்வகலாசாலைக்கு வந்து 1949இற் கலாநிதிப் பட்டம் பெற்று, யேர்க்கிஸிலே பல வருடம் நட்சத்திரங்களின் ஓட்டத்தை ஆராய்ந்தவர் நான்சி கிரேஸ் ரோமன் என்னும் அம்மையார். அவ்வருடங்களிற் சந்திரசேகரும் அந்நிலையத்திலேயே இருந்தார். பின்னாளில் நாசாவின் வானியற் பகுதிக்குத் தலைமை வகித்த அவ்வம்மையாரின் பெயரை நாசா தன் பெரிய தொலைகாட்டி ஒன்றுக்குச் சூட்டியுள்ளது. அதன் கண்ணாடி ஹபிள் தொலைகாட்டியினது போலவே 2.4 மீற்றர், ஆனால் ஒரே படத்தில் அடங்கும் வானப் பரப்பு நூறு மடங்கு. அதைக்கொண்டு செய்ய ஆராய்ச்சியாளர் எண்ணியிருக்கும் வேலைகளுள் ஒன்று அந்திரொமேடாவின் மெல்லிய ஓடைகளில் இடைவெளி தேடுதலாகும். தை மாதத்து முன்னிரவில், நிலவில்லாத நாளாகப் பார்த்து, நந்திக்கடல் வெளியிலே நின்று வடமேற்கே நோக்கினால், கைப்பிடிப் புகை போல மங்கலாக ஒன்று தெரியும். அந்திரொமேடா அதுவே. ஓடைகள் வெறுங் கண்ணுக்குத் தெரியா.